மோகனப்ரியாவின் இடது தோள்

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே வரிசையாக நாலு ஜெராக்ஸ் கடை. மூன்றாவது கடை மோகனப்ரியாவுடையது. ஆதார் நகல், பட்டா நகல், வருமானச் சான்றுக்கு மனு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. "ஒரு பக்கமாங்க, ரெண்டு பக்கமுமாங்க?" என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்பாள். அவசரப்படுகிறவர்களிடம் சிடுசிடுப்பாள். மனு எழுதத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களுக்குச் சும்மாவே எழுதிக் கொடுப்பாள். வயது முப்பத்தெட்டு.

கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வாரத்தில் நாலு நாள், காலை ஐந்தரைக்கெல்லாம் இந்த அம்மாள் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றில் நாற்பது சுற்று நீந்திவிட்டுத்தான் வந்து கடை ஷட்டரைத் தூக்குவாள். சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் அவளும் சொல்வதில்லை.

பிறந்தது அம்மையார்குப்பம். ஏழு வயதில் அவளுடைய நைனா இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட, தண்ணீரைக் குடித்துக் குடித்தே நீச்சல் பழகினாள். கிணற்றில் நீந்துவதென்றால் வட்டமாகத்தான் நீந்த வேண்டும். வட்டமென்றால் வலமாகத்தான். கோயிலை வலமாகச் சுற்றுகிறோம், அரசமரத்தை வலமாகச் சுற்றுகிறோம். இடமாகச் சுற்றுவது சாவுக்கு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சோற்றை வலது கையால் சாப்பிடுவதுபோல் அது பாட்டுக்கு வந்துவிட்டது.

இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகு, பத்து வருடம் பக்கெட் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்கவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் மாத்திரை தொடங்கியது. மாத்திரையோடு எரிச்சலும் வந்தது. அப்படி ஒரு நாளில்தான் பிரபாவதி தன் நிலத்துப் பட்டாவை நகலெடுக்கக் கடைக்கு வந்தாள். காகிதத்தில் கிணறு என்றிருந்ததைப் பார்த்து, மோகனப்ரியா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"கெணறு எவ்ளோ அகலம்க்கா?"

"முப்பது அடி இருக்கும். ஏன், வாங்கப் போறியா?"

"நீஞ்சலாமான்னு கேட்டேன்."

பிரபாவதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது, புருஷன் லாரியில் போனால் வாரம் கழித்து வருகிறவர், இரண்டு மாடும் கொஞ்சம் நிலக்கடலையுமாகத் தனியாகவே காலம் தள்ளுகிறவள். "வா. நானும் படியில வந்து குந்திக்கிறேன், துணைக்கு," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் மோகனப்ரியா கடன்பட்டவள். அன்றிலிருந்து ஆறு வருடம், பழைய சுடிதாரும் மேலே ஒரு டீ சர்ட்டுமாக அவள் நீந்த, பிரபாவதி படியில் உட்கார்ந்து கடலை உரிப்பாள். படி பாதி இறங்கியதும் கிணற்றுச் சுவரை ஒட்டி ஒரு திட்டு இருக்கிறது. அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஏழு கல், கன்னிமார். வெள்ளிக்கிழமை தோறும் பிரபாவதி அங்கே விளக்கு வைப்பாள். ஐப்பசியில் தண்ணீர் ஏறினால் கன்னிமாரும் குளிப்பார்கள்.

தண்ணீருக்குள் தலையை விட்டால் "இன்னொரு காப்பி குடும்மா" என்று யாரும் கேட்பதில்லை. பிரஷர் குறைந்தது, மாத்திரை பாதியானது. வீட்டில் பாத்திரம் உருளும் சத்தமும் குறைந்ததாக அவள் கணவன் ஜெயப்பிரகாஷ் சொல்வான்.

போன மார்கழியில்தான் இடது தோளில் வலி ஆரம்பித்தது. முதலில் பனியின்மேல் பழி போட்டாள். பிறகு தலையணையின்மேல். பிறகு ஜெயப்பிரகாஷ் வண்டியை மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டுகிறான் என்றாள். அவன் இரவில் தைலம் தேய்த்துவிட்டான். மூன்று வாரம் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்தாள். வலி போய்விட்டது. போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, பொங்கல் கழிந்த மறுநாள் கிணற்றில் குதித்து ஒரே மூச்சாக நாற்பது சுற்றும் போட்டாள். இத்தனை நாள் விட்டுப்போனதற்குச் சேர்த்து இன்னும் ஐந்து.

பத்தே நாளில் தோள் முன்னைவிட மோசமாகப் பிடித்துக்கொண்டது. தலை வாரக் கை எழும்பவில்லை. இடதுபக்கம் புரண்டு படுக்க முடியவில்லை. ஜெராக்ஸ் மெஷினின் மூடியை வலது கையால் தூக்கி, அதே கையால் காகிதத்தை வைத்து, அதே கையால் மூடினாள். தாளை நேராக வைக்கக்கூட இடது கை வரவில்லை.

அடுத்து வந்த மாசி மாதத்தில் பிரபாவதியின் கன்றுக்குட்டி ஒன்று கிணற்றில் விழுந்து செத்தது. மோகனப்ரியா துக்கம் விசாரிக்கப் போனபோது, வெல்டிங் பட்டறை ஆள் கிணற்றின் விளிம்பை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான்.

"கம்பி வலை போடப் போறேம்மா," என்றாள் பிரபாவதி. "நீ வந்துகினு இருந்த வரிக்கும் நானும் தெனம் இங்கயே குந்திகினு இருந்தேன். இப்போ ஆளில்லாத கெணறா கீது. நாளைக்கு எதுனா கொழந்த வந்து உழுந்தா யாரு பதில் சொல்றது?"

"முழுசா மூடிடுவியாக்கா?"

பிரபாவதி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி வந்து எங்கண்ணு முன்னால நீஞ்சிக் காட்டு. வலையில ஒரு கதவு வெச்சு, பூட்டு போட்டு சாவிய உன்கிட்டயே குடுக்குறேன். இல்லன்னா மூடிடுவேன். கோச்சுக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் மோகனப்ரியாவுக்கு அவ்வளவு பயமாக இருந்தது. வீடு திரும்பும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் அழுதது ஜெயப்பிரகாஷுக்கு முதுகு நனைந்த பிறகுதான் தெரிந்தது.

நல்லது எந்த வாசலில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு அது கடை வாசலிலேயே வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகப் பிசியோதெரபி அறை திறந்த சானியா என்ற பெண், அதற்கான நோட்டீசை நூறு நகல் எடுக்க வந்தாள். அரக்கோணத்துக்காரி. முதல் தாளை வைக்கும்போதே, மோகனப்ரியாவின் இடது கை துப்பட்டாவுக்குள் மடங்கிக் கிடப்பதைக் கவனித்துவிட்டாள்.

"அந்தக் கைக்கு இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லம்மா, வாயுப் பிடிப்பு."

"நான் இந்த நோட்டீஸ்ல போட்டுகிறது பூரா உங்களப் பத்திதான். சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் சானியா அந்தக் கையை நாலு பக்கமும் மெல்லத் தூக்கிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். தோளின் தசைநார் அறுந்துபோகவில்லை, வீங்கி நசுங்குகிறது, சரிசெய்யலாம் என்றாள். பிறகு கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, "எப்படி நீஞ்சுவீங்க, அப்படியே செஞ்சு காட்டுங்க," என்றாள். மோகனப்ரியா வலியோடு இரண்டு கையையும் வீசிக் காட்டினாள். மூச்சுக்குத் தலை வலதுபக்கமே திரும்பியது.

"எப்பவுமே வலது பக்கம்தான் மூச்சா?"

"இடது பக்கம் சொவுரும்மா. சொவுத்தப் பாத்து இன்னா பண்றது?"

சானியா ஒரு தாளில் வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் ஒரு அம்புக்குறி போட்டு, "எப்பவும் இந்தப் பக்கமாவா சுத்துவீங்க?" என்று கேட்டாள்.

"ஆங். வேற எந்தப் பக்கம் சுத்துறது?"

சானியா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாளெல்லாம் ஜனங்கள ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு கேக்குறீங்க. நீஞ்சுறது மட்டும் ஆறு வருசமா ஒரே பக்கமா?"

பிறகு பொறுமையாகச் சொன்னாள். தோளில் எலும்புக்கு நடுவே ஒரு சின்னச் சந்து. அதன் வழியாகத்தான் அந்த நார் போகிறது. வலதுபக்கம் மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும், முன்னால் நீட்டிய இடது கைதான் தண்ணீரை அழுத்தி உடம்பைத் தாங்குகிறது. போதாததற்கு, வட்டத்தில் வெளிப்பக்கக் கையும் அதுவே. திரும்புவதற்காக அதிகம் இழுப்பதும் அதுவே. ஒரு சுற்றுக்குப் பதினாலு வீச்சு, நாற்பது சுற்றுக்கு ஐந்நூற்று அறுபது. "நீங்க அந்தக் கைய ஒரு நாளு கூட மாத்தி உடல. அது இன்னாதான் செய்யும் பாவம்?"

மோகனப்ரியாவுக்கு யாரோ தன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. பனியையும் தலையணையையும் புருஷனையும் திட்டியவள், அன்றைக்குத்தான் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்து உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

வைத்தியம் ஆர்ப்பாட்டமில்லாதது. முதல் இரண்டு வாரம் மேசையில் வலது கையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்ட வேண்டும். இடதுபக்கம் படுக்கக் கூடாது, அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை வேண்டும். அப்புறம் தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் நெருக்கிப் பிடிப்பது, சுவரில் கையூன்றித் தள்ளுவது. அதற்கும் பிறகு, அக்குளில் மடித்த துண்டை இடுக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுப்பது. ரப்பர் பட்டைக்கு ஜெயப்பிரகாஷ் பொறுப்பேற்றான். டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறவன், பழைய டியூபைக் கழுவி, நீளவாக்கில் வெட்டி, சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டினான். முதல் டியூப் லாரிக்கே பொருந்தும் போலிருந்தது. இழுத்தவள் அவனை முறைத்தாள். மறுநாள் மொபெட் டியூப் வந்தது.

"இன்னா, தோளு இன்னிக்கி எப்படி கீது?" என்று தினமும் கேட்பான். கேட்டுவிட்டு அவள் பின்னிக்கொள்ள முடியாத தலையை அவனே பின்னிவிடுவான். கோணல் பின்னல்தான். அதோடு அவள் கடைக்கும் போனாள், யார் சிரித்தாலும் கவலைப்படவில்லை.

பங்குனி போனது, சித்திரை போனது. தலை வாரக் கை எழும்பிய அன்றே கிணற்றுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். சானியா விடவில்லை. "போன வாட்டியும் வலி போனதும்தான குதிச்சீங்க? வலி போறது வேற, தோளு தயாராவுறது வேற." வைகாசியில் தண்ணீரில் இறங்கலாம், ஆனால் படியைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடிக்கலாம் என்றாள். ஆறு வருடம் நாற்பது சுற்று நீந்தியவள் படியைப் பிடித்துக் காலடித்ததைப் பார்த்து, பிரபாவதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மோகனப்ரியாவுக்கு அந்தச் சிரிப்புகூடச் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

ஆனியில் கையை வீச அனுமதி வந்தது. எட்டே எட்டுச் சுற்று. இறங்குமுன் பத்து நிமிஷம் தோளைச் சுழற்றிச் சூடாக்க வேண்டும். மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு, ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது. உடம்பை உருட்டித் திரும்ப வேண்டும், கை தலைக்கு நேர் முன்னால் குறுக்கே போகக் கூடாது. வாரத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் கூட்டக் கூடாது. கடைசியாக ஒன்று: நாலு சுற்று வலம், நாலு சுற்று இடம்.

அங்கேதான் மோகனப்ரியா நின்றுவிட்டாள். "மத்ததெல்லாம் செய்றேம்மா. இடமா மட்டும் சுத்த சொல்லாத. அது சாவுக்கு."

"எங்க அம்மி போன வருசம் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய் வந்தாங்க. அங்க காபாவ ஏழு சுத்து, இடது தோளு உள்பக்கமா இருக்குறாப்லதான் சுத்துவாங்க. எவ்ளோ பேரு தெரியுமா? அம்மி நல்லாதான் இருக்காங்க."

"அங்க அதான் மொறை, சுத்துறீங்க. இங்க கன்னிமாரு பாத்துகினு இருக்காங்களே."

"நான் உங்க சாமிய கொற சொல்லல அக்கா. தோளு ஒரே பக்கமா சுத்துனா மூணாவது வாட்டியும் பூடும், அப்போ என் கையில இல்ல. அத மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். ஒரு பக்கம் தோள், ஒரு பக்கம் கிணறு. இடமாகச் சுற்றினால் பிரபாவதி கிணற்றை மூடிவிடுவாள். வலமாகவே சுற்றினால் தோள் கிணற்றை மூடிவிடும்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டதால் வெல்டிங் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தான். சனிக்கிழமை காலை மோகனப்ரியா கிணற்றுக்குப் போனாள். மலைக்கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியிருந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் தண்ணீர் கொஞ்சம் ஏறி, கன்னிமார் திட்டுக்கு இரண்டு முழம் கீழே நின்றது. பிரபாவதி திட்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, "எங்க, காட்டு பாக்கலாம்," என்றாள்.

தோளைச் சுழற்றினாள். இறங்கினாள். வலமாக ஒன்று, இரண்டு, மூன்று. வலிக்கவில்லை. நாலாவது சுற்றின் முடிவில் இடது தோளின் நுனியில் லேசாக ஒன்று கிள்ளியது. அந்தக் கிள்ளல் அவளுக்கு நன்றாகத் தெரியும், மார்கழியில் முதலில் வந்ததும் இதுதான். படியைத் தொட்டு நின்றாள், மூச்சை இழுத்தாள், மறுபக்கம் திரும்பி நீந்தத் தொடங்கினாள்.

"ஏய், எங்க போற? திரும்பு," என்ற பிரபாவதியின் குரல் கிணற்றுக்குள் மோதி நாலு பக்கமும் கேட்டது. மோகனப்ரியாவின் காதிலும் விழுந்தது. ஆனால் நிற்கவில்லை, ஒரு சுற்றையாவது முடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நீந்தினாள். மூன்று வீச்சு, இடது மூச்சு. மூன்று வீச்சு, வலது மூச்சு. படியை நெருங்கும்போது வலது மூச்சுக்காக முகத்தைத் திருப்பியவளுக்குக் கண்ணெதிரே மஞ்சளும் குங்குமமும் தெரிந்தது. ஏழு கல்லும் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆறு வருடத்தில் நீந்தும்போது அவள் கன்னிமாரைப் பார்த்ததே இல்லை.

படியைப் பிடித்துக்கொண்டாள். பிரபாவதியின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"உனக்கு புத்தி கெட்டுப் போச்சா? கன்னிம்மா எதிர்க்க இடஞ்சுத்து சுத்துற?"

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லிட்டு அப்புறம் திட்டு. நான் எப்பவும் போற மாதிரி போறப்போ, கன்னிம்மா எனக்கு எந்தக் கைப்பக்கம் இருப்பாங்க?"

"இது இன்னா கேள்வி?"

"எழுந்து நின்னு பாருக்கா."

பிரபாவதி மடியிலிருந்த கடலையை முறத்தில் கொட்டிவிட்டு எழுந்தாள். மோகனப்ரியா எப்போதும் நீந்தும் திசையைப் பார்த்து அவளே படியில் நின்றாள். வலது கையைத் தூக்கினாள், அந்தப் பக்கம் வெறும் தண்ணீர். இடது கையைத் தூக்கினாள், கன்னிமாரின் மேல் இடித்துக்கொண்டது. கையைச் சட்டென்று இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நம்பாமல் மறுபக்கம் திரும்பி நின்றாள். இப்போது வலது கைக்கு நேராக ஏழு கல்லும் இருந்தன.

இன்னொரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கிணற்றுக்குள் நடுவில் சாமி கிடையாது, சாமி இருப்பது ஓரத்தில் என்பது அவள் தலைக்குள் இறங்க அவ்வளவு நேரம் ஆனது.

"அப்போ இத்தினி வருசமா நீ தப்பாதான் சுத்திகினு இருந்தியா?" என்றாள் கடைசியில்.

"நீயும்தான் எதிர்க்கவே குந்திகினு இருந்த."

பிரபாவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திட்டின் முன்னால் உட்கார்ந்து, "தெரியாத பொண்ணு, மன்னிச்சுக்கோம்மா. தெனம் இடது தோள காட்டிகினு போச்சு, நீயும் அந்தத் தோள புடிச்சு நிறுத்திட்ட," என்று கன்னிமாரிடம் சொன்னாள். சானியா சொன்ன நாரும் சந்தும் உண்மை. பிரபாவதி சொன்னதை மறுக்கவும் மோகனப்ரியாவுக்கு மனம் வரவில்லை. மீதி மூன்று சுற்றையும் இடமாகவே நீந்தினாள். தோள் கிள்ளவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கன்னிமாரை ஒரு தடவை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் யாருக்காவது நன்றி சொன்னாள்: நோட்டீசோடு வந்த சானியாவுக்கு, கோணல் பின்னல் போட்ட ஜெயப்பிரகாஷுக்கு, கடைசியாக, இரண்டு தடவை வலித்துச் சொல்லியும் கேட்காதவளை விட்டுப் போகாத தோளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வலை வந்தது. படி இறங்கும் இடத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு வைத்து, பூட்டும் போட்டார்கள். கிருத்திகைக் கூட்டம் கரைந்து, ஊர் மறுபடி நடக்க இடம் கொடுத்த வாரத்தில் மோகனப்ரியா பதினாலு சுற்றுக்கு வந்திருந்தாள். ஏழு அந்தப் பக்கம், ஏழு இந்தப் பக்கம். இப்போதெல்லாம் அவள் வலமாகச் சுற்றும்போது பிரபாவதி கண்ணை மூடிக்கொள்கிறாளாம், இடமாகச் சுற்றும்போது திறக்கிறாளாம்.

சாவி ஒன்றுதான். வீட்டுக்கு எடுத்துப் போனால் தொலைத்துவிடுவோம் என்று மோட்டார் ரூமிலேயே மாட்டிவிடச் சொன்னாள் மோகனப்ரியா. எந்தக் குழந்தைக்கும் எட்டக் கூடாது என்று பிரபாவதி ஆணியைச் சுவிட்சு பெட்டிக்கும் மேலே, தலைக்கு ஒரு முழம் உயரத்தில் அடித்து வைத்திருந்தாள். நீந்தி முடித்துக் கதவைப் பூட்டிவிட்டு, ஈரத்தோடு அதன் கீழே போய் நின்றாள் மோகனப்ரியா. வலது கையில் துண்டும் துணிப்பையும் இருந்தன.

"குடு, நான் மாட்டுறேன்," என்று எழுந்தாள் பிரபாவதி.

"இருக்கா."

இடது கையைத் தூக்கினாள். காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது, முழுசாக நீண்டு ஆணியைத் தொட்டது. சாவியை மாட்டினாள்.

"கை போவுதா?" என்று கேட்டாள் பிரபாவதி.

"போவுதுக்கா," என்றாள் மோகனப்ரியா, கையைக் கீழே இறக்காமலே.